ஏழு நிமிடங்களுக்கு மிகாமல்

எல்க்ஸ்டன் கல்லூரியில் சேரும் மாணவர் எவரும், தம் பெற்றோரிடம் முறைப்படி விடைபெற்றதற்கான சீட்டைக் காட்டினால்தான் விடுதி அறையின் சாவி கிடைக்கும். இந்த விதி கல்லூரி அனுப்பிய எண்பத்து நான்கு பக்கப் புத்தகத்தில் அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது. 'புதிய மாணவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்குமான நடைமுறை வழிகாட்டி' என்று அதற்குப் பெயர். ஆர்லன் ஹெக்னஸ் அதை மூன்று முறை படித்திருந்தார்.

ஆர்லன், ஹால்வர் என்ற ஊரின் தானியக் கிடங்கு மேலாளர். லாரியில் வரும் கோதுமையில் ஈரம் பதின்மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை சொந்த அண்ணனின் லாரியையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அண்ணனும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவியில் எண் அப்படி வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? ஆகவே அச்சில் வந்த விதிகளிடம் ஆர்லனுக்கு மரியாதை இருந்தது. வழிகாட்டி சொன்னபடியே மகள் சிக்னிக்கு வழக்கத்தைவிட ஐந்து அங்குலம் நீளமான படுக்கை விரிப்பு வாங்கினார். மெழுகுவர்த்தி, ரொட்டி வாட்டும் கருவி, மீன்தொட்டி ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது.

"நம்ம வீட்ல மீன்தொட்டியே இல்லையேப்பா," என்றாள் சிக்னி.

"இல்லைன்னாலும் கொண்டுபோகக் கூடாது," என்றார் ஆர்லன்.

அறுபத்தோராம் பக்கத்தில் மட்டும் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். விடைபெறுதல் நான்கு நிமிடங்களுக்குக் குறையாமலும் ஏழு நிமிடங்களுக்கு மிகாமலும் நிகழ்தல் வேண்டும். அந்நேரத்துள் குறைந்தது இரண்டு உணர்வுகளேனும் வாய்மொழியாக வெளியிடப்படுதல் வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் சான்றுச் சீட்டுப் பெறாத மாணவரின் அறை, காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவருக்கு வழங்கப்படும். அறை இல்லாத முதலாண்டு மாணவருக்கு அந்தப் பருவத்தில் வகுப்பும் இல்லை.

இந்த விதி வந்த கதை நியாயமானதுதான். அந்த வட்டாரத்தில் ஒருவர் இன்னொருவர் வீட்டிலிருந்து கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முதலில் இரண்டு உள்ளங்கையாலும் முழங்காலைத் தட்டி, "சரி, அப்போ," என்பார். பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பார். எழுந்து நின்று கொஞ்சம் பேசுவார். வாசற்கதவருகே, வந்த காரியம் என்னவென்று அவருக்கு நினைவு வரும். அதைப் பேசி முடித்து வண்டியில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, ஜன்னலை இறக்குவார். வீட்டுக்காரர் அந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். அங்கேதான் பேச்சு உண்மையில் தொடங்கும். மழை, டிராக்டரின் கியர், பாலத்து வேலை என்று எல்லாம் பேசுவார்கள். 'உன்னைப் பிரிவது கஷ்டமாக இருக்கிறது' என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜன்னலருகே எவ்வளவு நேரம் நின்றார் என்பதை வைத்து அவரவர் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், முந்நூற்றுப் பத்துக் குடும்பங்கள் விடுதி வாசலில் ஒரே நேரத்தில் விடைபெறத் தொடங்கின. கடைசி வண்டி கிளம்பியபோது சனிக்கிழமை காலை பத்து மணி. நடுவே தீயணைப்பு வண்டி போக வழியில்லை என்று புகார் எழுந்தது. தீ எதுவும் பற்றவில்லை; தீயணைப்புத் தலைவரும் தம் மகனை விட வந்து ஒரு ஜன்னலில் முழங்கையோடுதான் நின்றிருந்தார். ஆனாலும் புகார் புகார்தானே.

கல்லூரி உடனே பாஸ்டனிலிருந்து மெரிடித் கிரான்ஷா என்பவரை வரவழைத்து, குடும்ப மாற்றக்கால ஒருங்கிணைப்பு இயக்குநராக அமர்த்தியது. அவர் நான்கு மாதம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 'இப்பகுதி மக்கள் மிக நீண்ட நேரம் விடைபெறுகின்றனர். ஆயினும் அந்நேரத்தில் உணர்வு எதுவும் கைமாறுவதாகத் தெரியவில்லை.' ஆகவே நேரத்தைக் குறைத்து உணர்வைக் கூட்டுவதென்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் கடைசி வெள்ளி, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, ஆர்லனும் சிக்னியும் கல்லூரிப் புல்வெளியில் வெள்ளைச் சுண்ணாம்பால் போட்ட ஐந்தாம் எண் வட்டத்துக்குள் நின்றார்கள். மனைவி டோரீன் வரவில்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று பேருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் நாள். வட்டத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் மெரிடித்தே உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் நேரக் கருவி, மடியில் படிவம்.

"ஆரம்பிக்கலாம், மிஸ்டர் ஹெக்னஸ். நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க," என்று கருவியை அழுத்தினார்.

ஆர்லன் வானத்தைப் பார்த்தார். "மேற்கால கருத்துக்கிட்டு வருது."

"ஆமா," என்றாள் சிக்னி.

"ராத்திரி பெய்யும்போல."

"பெய்யட்டும். சோயாவுக்கு நல்லது."

"ஜன்னலைச் சாத்திட்டுப் படு."

"சரி."

"அந்தச் சின்ன ஃப்ரிட்ஜு ரொம்பச் சத்தம் போட்டா, செவுத்துலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி வை. பின்னால காத்துப் போகணும்."

"சரிப்பா."

மீதி நேரம் இருவரும் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லனின் கணக்கில் அது நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. கருவி ஒலித்தது.

"உணர்வு எதுவும் பதிவாகலை," என்றார் மெரிடித்.

"ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே மேடம்."

"அது அறிவுரை."

"ஃப்ரிட்ஜு?"

"அது பராமரிப்பு."

"மழை?"

"வானிலை. வானிலைக்கு மதிப்பெண் கிடையாதுன்னு அறுபத்திரெண்டாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கோம்."

"போட்டிருக்கீங்க," என்று ஆர்லன் ஒப்புக்கொண்டார். அவர் அதைப் படித்தவர்தான்.

சீட்டுக்குப் பதில் அவருக்கு மஞ்சள் அட்டை ஒன்று கிடைத்தது. கல்லூரித் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் திருத்த வகுப்புக்கு அது அனுமதி. சிக்னி பெட்டிகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்தாள். மணி ஒன்று.

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு தந்தையர் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நாற்காலி: ஒன்றில் உட்கார வேண்டும், எதிரிலிருப்பதைப் பிள்ளையாகப் பாவித்துப் பேச வேண்டும். ஆர்லனுக்குப் பக்கத்தில் கர்டிஸ் என்ற சர்க்கரைக் கிழங்கு விவசாயி.

"எத்தனாவது தடவை?" என்றார் கர்டிஸ்.

"மொத தடவைதான் ஆச்சு."

"எனக்கு ரெண்டு ஆயிருச்சு. போன தடவை 'பாத்து இருடா'ன்னு சொன்னேன். அரை மார்க் போட்டாங்க."

"பரவாயில்லையே."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பத்தாதாம்."

மெரிடித் வந்து விளக்கினார். மனதில் இருப்பதை அப்படியே வாய்க்குக் கொண்டுவர வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் கர்டிஸ். கர்டிஸ் எதிர் நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு ஒரு கால் ஆடுது," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மண்டியிட்டு, காலை முறுக்கிச் சரிசெய்து, கையால் அழுத்திப் பார்த்து, திரும்பிவந்து உட்கார்ந்தார். முகத்தில் நிறைவு தெரிந்தது. மெரிடித் படிவத்தில் எழுதினார்: 'முயற்சி உண்டு. சொல் இல்லை.'

அடுத்து ஆர்லன். அவர் வழிகாட்டியின் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே மாதிரி வாக்கியம் ஒன்று இருந்தது. ஈரச் சோதனைக் கருவியின் கையேட்டை வாசிப்பதுபோல் அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"மகளே, உன்னை எண்ணிப் பெருமைப்படுகிறேன். நீ இல்லாத வீடு எனக்கு வெறுமையாக இருக்கும்."

ஒருவர் தன் காலணியைப் பார்த்தார். இன்னொருவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார் மெரிடித். "இதையே போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

"இதையேவா?"

"இதையே."

"அவ மூஞ்சியப் பாத்தா?"

"பாத்துச் சொன்னா ரெண்டு மார்க் கூட."

மற்ற பதினொரு பேரும் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

ஒன்றே முக்காலுக்கு ஆர்லன் மறுபடி ஐந்தாம் வட்டத்தில் நின்றார். மெரிடித் கருவியை அழுத்தினார். ஆர்லன் வானத்தைப் பார்க்கவில்லை. சிக்னியின் முகத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததில் சிக்னிக்கு முதலிலேயே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. பிறகு அவர் அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார்.

சிக்னியின் முகம் வெளிறிவிட்டது.

"அப்பா," என்றாள். "உனக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகலையே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு?"

"ஜூலைல பல் டாக்டர்கிட்ட போறேன்னு போனியே. அது பல் டாக்டர்தானா?"

"பல் டாக்டர்தாம்மா. கடவாப் பல்லு."

"எத்தனை மாசம்னு சொல்லியிருக்காங்க?"

ஆர்லன் பதில் தேடுவதற்குள் அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அவரை இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் முதுகில், மூட்டையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். மெரிடித்தின் பேனா நிற்காமல் ஓடியது. ஐந்து நிமிடம் பத்து விநாடி. பெருமை, ஏக்கம், கண்ணீர், அணைப்பு. எல்லாக் கட்டத்திலும் குறி விழுந்தது.

"மூணு வருஷத்துல முழு மதிப்பெண் இதுதான் முதல் தடவை," என்று சொல்லி, சீட்டில் 'மிகச் சிறப்பு' என்ற முத்திரையைக் குத்தி நீட்டினார்.

சிக்னி சீட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டிருந்தாள். மறுமுனையில் டோரீனின் குரல் ஆர்லனுக்கே கேட்டது.

"என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லு."

"பெருமைப்படறாராம்மா. நான் இல்லாத வீடு வெறுமையா இருக்குமாம்."

மறுமுனையில் பேருந்தின் இன்ஜின் அணைந்தது.

"வெறுமைங்கற வார்த்தையச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அவரை உக்கார வை. வண்டிச் சாவிய வாங்கி வச்சுக்க. நான் பாஸ்டருக்குச் சொல்றேன்."

சிக்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டி ஒன்றைத் தூக்கினாள். "வா, எல்லாத்தையும் வண்டில ஏத்திடலாம். நான் இங்க தங்கலை. உன்னை இப்படி விட்டுட்டு மண்ணைப் பத்திப் படிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

ஆர்லன் பதறிப்போனார். மண்ணியல் படிக்க வேண்டும் என்று பதினாலு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். வீட்டுப் பின்புறம் முழுக்க அவள் தோண்டிப் பார்த்த குழிகள். "சிக்னி, அது படிவத்துக்காகச் சொன்னதும்மா. மனசுல அப்படியெல்லாம் ஒன்னும் கிடையாது."

"நெசமாவா?"

"நெசமா."

"ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்ல."

அவள் முகத்தில் நிறம் திரும்பியது. பெட்டியைக் கீழே வைத்தாள். அப்போது மெரிடித் கையை நீட்டினார்.

"அந்தச் சீட்டைக் குடுங்க, மிஸ்டர் ஹெக்னஸ்."

"எதுக்கு மேடம்?"

"வெளியிட்ட உணர்வை நீங்க இப்பத் திரும்ப வாங்கிட்டீங்க. அறுபத்தாறாம் பக்கம். அந்தக் கல்வியாண்டு முடியறவரைக்கும் திரும்ப வாங்கக் கூடாது. வாங்கினா சீட்டுச் செல்லாது."

ஆர்லன் யோசித்தார். மனதிலிருந்து சொன்னது என்றால் சீட்டு உண்டு, சாவி உண்டு. ஆனால் மகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மனதிலிருந்து சொல்லவில்லை என்றால் மகள் தங்கத் தயார். ஆனால் தங்குவதற்கு அறை இருக்காது. மணி இரண்டே காலாகியிருந்தது.

"அப்படின்னா மனசுலேர்ந்துதான் சொன்னேன்," என்றார்.

மெரிடித் கையை எடுத்துக்கொண்டார். சிக்னி மறுபடி அழத் தொடங்கினாள்.

"அதாவது, இல்ல."

சிக்னி நிறுத்தினாள். மெரிடித் கையை நீட்டினார்.

சந்தேகத்துக்கிடமான கோதுமையை மூன்று முறை சோதிப்பது ஆர்லனின் வழக்கம். ஆகவே இன்னொரு முறை 'ஆமாம்' என்றும் 'இல்லை' என்றும் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவுதான் வந்தது. கருவியில் கோளாறு இல்லை.

இதற்குள் புல்வெளியில் மற்ற வட்டங்களிலும் அறுபத்து மூன்றாம் பக்கம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கர்டிஸின் மகன் அவரைத் தரையில் உட்காரவைத்து நாடி பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வட்டத்தில் ஒரு பெண், தன் தந்தையின் பேச்சு எப்போதிலிருந்து இப்படிக் குழறுகிறது என்று யாருக்கோ ஃபோனில் விவரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வட்டத்தில் ஒரு பையன் படுக்கை மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். முழு மதிப்பெண்கள் குவிந்தன. விடுதி காலியாகிக்கொண்டிருந்தது.

மெரிடித் வழிகாட்டியைப் புரட்டி எழுபதாம் பக்கத்தில் நிறுத்தினார். "உணர்வோட காரணம் பத்திச் சந்தேகம் வந்தா மருத்துவ மையத்துல சான்று வாங்கலாம்னு இருக்கு. உடம்புக்கு ஒன்னுமில்லைன்னும் எழுதியிருக்கணும், சொன்னது நெசம்னும் எழுதியிருக்கணும். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கணும்."

மருத்துவ மையத்தில் தந்தையர் வரிசையாக நின்றிருந்தார்கள், ஒவ்வொருவர் கையையும் ஒரு பிள்ளை பிடித்திருந்தது. உள்ளே பெவ் என்ற செவிலியர். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மையத்திலேயே முப்பது வருடம் இருப்பவர். ஆர்லனின் முறை வந்தபோது மணி இரண்டு நாற்பது.

"நீங்களும் சொன்னீங்களா?" என்றார் பெவ்.

"சொன்னேன்."

"கைய நீட்டுங்க." பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "நூத்தி முப்பத்தஞ்சு. வெண்ணெயக் கொஞ்சம் கொறைங்க. மத்தபடி எருது மாதிரி இருக்கீங்க."

"அப்போ எதுக்குச் சொன்னாரு?" என்றாள் சிக்னி.

"அதைக் கண்டுபிடிக்க இங்க கருவி இல்லம்மா." பெவ் தாளில் முதல் வரியை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டாவது வரி. சொன்னது நெசமா?"

ஆர்லன் எதிர்ச் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தார். கடைசி வரியிலிருந்த பொடி எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்தார். தெளிவாகத் தெரிந்தன. வலமிருந்து இடமாகவும் படித்தார்.

"நெசமில்லைன்னு சொல்ல முடியாது," என்றார்.

பெவ் பேனாவைத் தாளில் ஊன்றினார். "நெசம்னு போட்டுக்கறேன்," என்றார்.

சிக்னியும் இப்போது கண் பரிசோதனை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளில் மூன்று வரி இருந்தது. 'மேற்படி நபர் நல்ல உடல்நலத்துடன் உள்ளார். அவர் கூறியது உண்மை. காரணம் கண்டறியப்படவில்லை.'

இரண்டு ஐம்பத்தைந்துக்குச் சாவி கைக்கு வந்தது. அறை மூன்றாம் மாடியில். பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கீழே வந்ததும், சாவி பெற்ற பத்து நிமிடத்தில் குடும்பத்தார் வளாகத்தைவிட்டு நீங்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. சிக்னி அந்தத் தாளை இன்னொரு முறை படித்தாள்.

"காரணம் கண்டறியப்படலையாம்," என்றாள்.

"ம்."

"சரி, அப்போ."

"சரி, அப்போ," என்று ஆர்லன் வண்டியில் ஏறினார். ஜன்னலைக்கூட இறக்காமல் கிளம்பினார். ஹெக்னஸ் குடும்பத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் யாரையும் விட்டுப் போனதில்லை.

கல்லூரி எல்லையிலிருந்து அரை மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஆர்லன் திரும்பும்போது அங்கே நாற்பது வண்டிகள் வரிசையாக, இன்ஜின் ஓட, ஜன்னல் இறங்கி நின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மாணவரின் முழங்கை. ஆர்லன் காற்றடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் சிக்னி யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் வந்து சேர்ந்தாள். மழையைப் பற்றியும், பாலத்து வேலையைப் பற்றியும், ஃப்ரிட்ஜைப் பற்றியும் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்கள். இடையில் அவள் ஒருமுறை அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, எண்ணாமல் விட்டாள்.

ஹால்வருக்கு வந்து சேரும்போது ஆறே முக்கால். வெயில் இன்னும் இருந்தது. சமையலறை மேசையில் பதினொரு ஹாட்டிஷ் தட்டுகள் வரிசையாக இருந்தன. உருளைக்கிழங்கை மேலே அடுக்கிச் சுட்ட அந்தத் தட்டுகளை ஹால்வர்க்காரர்கள் பிள்ளை பிறந்தால் கொண்டுவருவார்கள். அல்லது யாராவது போய்விட்டால். பாஸ்டர் வேகமாகச் செய்தி பரப்பியிருந்தார். டோரீன் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசை விளிம்பில் சாய்ந்து படித்தார்.

"உடம்பு நல்லா இருக்காம்."

"ஆமா."

"சொன்னது உண்மைன்னு போட்டிருக்கு."

"படிவத்துல ஒரு வரி அப்படிக் கேட்டாங்க."

டோரீன் தாளை மடித்தார். "நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆர்லன்?"

"அடுத்த மாசம் இருபத்தாறு."

"இருபத்தாறு வருஷமா எனக்கு ஒரு படிவமும் வரலையே."

ஆர்லன் ஒரு தட்டின் மூடியைத் திறந்து பார்த்தார். காளான் போட்டது. மூடினார். வழிகாட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சொல்லத் தெரியாத நேரத்தில் எல்லாம் அன்று முழுக்க அவர் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். டோரீன் அதைப் பிடுங்கிப் புரட்டினார். கடைசியில், எண்பத்து மூன்றாம் பக்கத்தில், 'இணைப்பு நான்கு: வீட்டில் எஞ்சியிருப்போருக்கான உணர்வு வெளியீட்டுப் படிவம்' என்று ஒன்று இருந்தது. அதை யாரும் இதுவரை நிரப்பியதாகத் தெரியவில்லை. டோரீன் கத்தரிக்கோலால் அதை ஒழுங்காக வெட்டி எடுத்தார். அடுப்பின் மணியை ஏழு நிமிடத்துக்குத் திருகினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஆரம்பி," என்றார். "நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்க."

ஆர்லன் தொடங்கினார். முதல் நிமிடம் முழுக்கத் தொண்டையைச் செருமினார். இரண்டாம் நிமிடத்தில், அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அது என்ன என்று டோரீன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆர்லனின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று.

"காத்து தெக்கால திரும்பியிருக்கு," என்றார்.

டோரீன் படிவத்தைக் குனிந்து பார்த்து எழுதினார். "வானிலை. தகுதியில்லை. நாளைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி வா."

அடுத்த வாரம், காலித் தட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அந்தப் படிவத்தைக் குளிர்பெட்டிக் கதவில் பார்த்தார். தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார். செப்டம்பர் முடிவதற்குள் தேவாலய அலுவலகத்தில் நகலெடுக்கும் தாள் தீர்ந்துபோனது.

கல்லூரி அந்தத் திட்டத்தைக் குளிர்காலத்துக்குள் கைவிட்டது. மருத்துவ மையத்தின் செலவை முன்னிட்டும், பதினேழு அறைகள் காலியாகக் கிடப்பதை முன்னிட்டும், விடைபெறுதல் இனி அவரவர் வசதிப்படி நிகழலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மெரிடித் பாஸ்டனுக்குத் திரும்பினார். அலுவலகத்தார் அவருடைய வண்டி ஜன்னலருகே வந்து, பனி சீக்கிரம் வரும்போல என்று பேசத் தொடங்கியதில் அவர் விமானத்தைத் தவறவிட்டதாகக் கேள்வி. ஆனால் சுற்றறிக்கை கல்லூரிக்கு மட்டும்தான் பொருந்தும். ஹால்வரில் விதி அமலில் இருந்தது.

அக்டோபரில் சோயா அறுவடை. கிடங்கின் எடை மேடைக்கு லாரிகள் வரிசையில் நின்றன. ஆண்கள் ஆர்லனின் ஜன்னலருகே கூடி நின்றார்கள்.

"உனக்கு எத்தனாவது?" என்று ஒருவர் கேட்டார்.

"நாப்பத்தொன்னாவது."

"எதுல போச்சு?"

"நேரம் பத்தலையாம். மூணே முக்கால் நிமிஷம்தான் வந்துச்சு."

"எனக்கு மூஞ்சியப் பாக்கலைன்னு போட்டுட்டா."

வரிசையின் பின்னாலிருந்து மெல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் போன வாரம் தேறிட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். மெல்வின் ஊரிலேயே அதிகம் பேசாதவர்.

"தேறிட்டியா? அப்புறம்?"

"அப்புறம் என்ன. முழு மார்க் போட்டுத் தாளை டிராயர்ல வச்சுட்டா." மெல்வின் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஆறரைக்கு இப்ப டிவி பாக்கறோம்."

ஆர்லன் கருவியைப் பார்த்தார். ஈரம் பன்னிரண்டே முக்கால். லாரியை உள்ளே விட்டார்.

அன்று மாலை ஆறரைக்கு டோரீன் மணியைத் திருகிவிட்டு உட்கார்ந்தார். ஆர்லன் அவர் முகத்தைப் பார்த்தபடி இரண்டு வாக்கியங்கள் சொன்னார், தடங்கலில்லாமல். மூன்றாவதும் ஒன்று வந்தது. நான்கு நிமிடம் கடந்து ஐந்தாவதும் ஆயிற்று. மற்ற எல்லாக் கட்டமும் நிரம்பி, ஒரே ஒரு குறிதான் பாக்கி. டோரீனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆர்லன் எழுந்து போய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தார்.

"நாளைக்கு உறைபனி விழும்போல இருக்கு," என்றார்.

"ஐயோ பாவம், நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு," என்று சொல்லி டோரீன் தகுதியில்லை என்று எழுதினார். தேதிக்குக் கீழே, நாளை மாலை ஆறரை மணி என்று போட்டு, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.